கூட உட்கார்ந்து சொல்லித் தருவது: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அங்கன்வாடியில் கதை சொல்வது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கதையைப் பற்றிப் பேசவே இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்களுக்கு யார் சொல்லித் தருவது, எப்படிச் சொல்லித் தருவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 25 வருடம் அங்கன்வாடி டீச்சராகவும், அப்புறம் 9 வருடம் சூப்பர்வைசராகவும் இருந்தவள் நான். இந்தக் கேள்வியோடுதான் என் காலம் போனது. அதனால் இந்த முறை இதைப் பற்றி வந்த ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். சில பதில்கள் நீளமாகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலந்தாவளம் பக்கம் அங்கன்வாடியில் சேர்ந்து 8 மாதம் ஆகிறது டீச்சர். மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் 14 பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. சரியாகக் கவனிக்காமல் இருந்துவிட்டேனோ என்று மனசு உறுத்துகிறது.
(ஒரு வாசகி, வேலந்தாவளம்)

இல்லை அம்மிணி, குறை உங்கள் கவனத்தில் இல்லை. காதால் கேட்பது வேறு, கை பழகுவது வேறு.

என் முதல் பயிற்சி 1987-இல் நடந்தது. ஒரு டவுனில் மாடி ஹால், நாங்கள் 60 பேர். வெளியிலிருந்து வந்த ஒரு சார் இரண்டு நாளும் நின்றபடியே பேசினார். விஷயம் தெரிந்தவர், அக்கறையானவரும்கூட. கதை சொல்வதற்கு 11 படிகள் என்று போர்டில் எழுதிப் போட்டார். எல்லாம் மலையாளத்தில். கிழக்குப் பக்கத்துப் பெண்கள் நாங்கள் அதைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டோம். அந்த இரண்டு நாளில் எங்களில் ஒருத்தி கையிலும் ஒரு கதைப் புத்தகம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் அம்மா, "ரெண்டு நாள் போயிட்டு வந்தியே, என்ன படிச்சே?" என்று கேட்டார். 11 படியையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்குக் காலைல அந்தப் புள்ளைங்க முன்னாடி மொதல்ல என்ன பண்ணுவே?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அதற்கான பதிலை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு அங்கன்வாடியில்தான் பார்த்தேன். அங்கே இருந்த டீச்சர் எனக்கு 15 வயது மூத்தவர். என் ஆயாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு இரண்டு முற்பகல் அங்கே போய் மூலையில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளின் முழங்கால் தன் முழங்காலில் படும்படி தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, தான் ஓரமாக எட்டிப் பார்த்துச் சொன்னார். நடுவில் இரண்டு பயல்கள் இடித்துக்கொண்டார்கள். அவர் கதையை நிறுத்தவில்லை. ஒருத்தன் தலையில் கையை வைத்தார், வைத்தபடியே குரலைத் தாழ்த்தினார். அவ்வளவுதான், அவன் அடங்கிவிட்டான். அந்தக் கையை எந்த நோட்டிலும் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் "இன்னிக்கு நீ சொல்லு" என்றார். அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சொல்லி முடித்தேன், வியர்த்துவிட்டது. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீ சொன்ன முயல் கதை எல்லாருக்கும் புடிச்சுது. ஆனா படம் பூராவும் உன்னையே பாத்துட்டு இருந்துச்சு. திருப்பிப் புடிச்சு, முதல் ரெண்டு பக்கத்தை மட்டும் இன்னொருக்கா சொல்லு." அங்கேயே, அதே பிள்ளைகளிடம், மறுபடியும் சொன்னேன். நான் டீச்சர் ஆனது அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பல வருடம் கழித்துத்தான் இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர், ஆசிரியர் பயிற்சி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது, அங்கேயே செய்து பார்க்க வைப்பது, செய்ததைப் பார்த்துச் சொல்வது, அப்புறம் வகுப்புக்கே வந்து கூட இருந்து கைகொடுப்பது என்று பயிற்சிக்கு ஐந்து பாகங்களை அதில் வைத்தார்கள். வளர்ச்சியில் சிரமம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களும் இதில் முதல் நான்கைச் சேர்த்து ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். பிஹேவியரல் ஸ்கில்ஸ் டிரெய்னிங் என்று பெயர். பெயர் பெரிது, விஷயம் அந்த மூத்த டீச்சர் செய்ததுதான்.

நம்மிடம் வரும்போது முதல் பாகம் மட்டும் முழுசாக வந்து சேர்கிறது, மற்றவை வழியில் உதிர்ந்துவிடுகின்றன. 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய 'போஷன் பீ படாயீ பீ' (ஊட்டச்சத்தும் படிப்பும்) திட்டத்தில் மேலே பயிற்றுநர்களுக்கு இரண்டு நாள், அவர்கள் வழியாக அங்கன்வாடி டீச்சர்களுக்கு மூன்று நாள் என்று வைத்திருக்கிறார்கள். நாட்டில் லட்சக்கணக்கான அங்கன்வாடிகள் இருக்கும்போது இப்படிப் படிப்படியாக இறக்குவதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் மேல்படியில் கையால் செய்து பார்த்தது கீழ்படிக்கு வருவதற்குள் வாய்ப்பேச்சாகிவிடும். நடுவில் இருக்கிற சூப்பர்வைசர் நினைத்தால் அதைத் திரும்பவும் கைவேலை ஆக்கலாம். நான் ஒன்பது வருடம் செய்யப் பார்த்தது அதைத்தான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நடுப்புணிப் பக்கம் ஒரு சின்ன டீச்சர், உங்கள் வயதுதான் இருக்கும். மீன் படத்தைக் காட்டி "இது எந்தா?" என்று கேட்பாள். நான் ஒரு விரலை மடக்குவதற்குள் "மீன்!" என்று அவளே சொல்லிவிடுவாள். பிள்ளைகளும் கூடவே கத்துவார்கள். பத்து நிமிஷத்தில் 21 கேள்வி கேட்டாள், 19-க்கு அவளே பதில் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் ஒரு பையன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், சேர்ந்து மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை.

கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அம்மா 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கணக்கெடுத்தார். சராசரியாக ஒரு விநாடிதான் வந்தது. அதை மூன்று விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று காட்டினார். இதை அந்தச் சின்ன டீச்சரிடம் நான் விளக்கவில்லை. "கொஞ்சம் நகருங்க அம்மிணி, நான் ஒரு பக்கம் பண்றேன்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே படம். "இது என்ன கண்ணு?" என்று தமிழிலும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. ஹால் அப்படியே அமைதி. கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ஆயா என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்தார். நாலு எண்ணும்போது அந்தப் பையன், "எங்கப்பா மூலத்தறைல புடிப்பாங்க" என்றான்.

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் அத்தோடு நான் எழுந்து போயிருந்தால் அது என் வித்தை ஆகியிருக்கும், அவள் வேலை ஆகியிருக்காது. புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். ஆயாவிடம் பத்துப் புளியங்கொட்டை வாங்கி அவளுக்கு இடது பக்கம் வைத்தேன். கேட்டுவிட்டுப் பொறுத்தால் ஒரு கொட்டையை வலது பக்கம் தள்ள வேண்டும், தானே பதில் சொல்லிவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். முதல் முறை மூன்று கொட்டைதான் நகர்ந்தது. "ஆட்டுக்குட்டிப் படத்துல நல்லாப் பொறுத்தீங்க, அந்தப் பாப்பா ரெண்டு வார்த்தை சொன்னா. இப்ப அதே மாதிரி பூனைப் படத்துல" என்றேன். இரண்டாம் முறை ஐந்து. இரண்டு வாரம் கழித்து நான் திரும்பப் போனபோது ஆயாவே கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு.

நீங்களும் இப்படித் தொடங்குங்கள். நோட்டில் இருப்பதில் ஒன்றை மட்டும் எடுங்கள். பக்கத்து அங்கன்வாடியில் அதை நன்றாகச் செய்கிற ஒருவரைக் கண்டுபிடித்து அரை நாள் போய்ப் பாருங்கள். திரும்பி வந்து செய்யும்போது ஆயாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்பதோடு முடிந்துவிடும். சூப்பர்வைசர் கூட்டும் செக்டர் மீட்டிங்கில் ரெஜிஸ்டர் வேலை முடிந்ததும் அரை மணி கேளுங்கள். ஒருத்தர் டீச்சர், மற்றவர்கள் பிள்ளைகள். முதலில் எல்லோரும் கூச்சப்படுவார்கள். மூன்றாவது மீட்டிங்கில் "என் முறை எப்ப?" என்று கேட்பார்கள்.

கேள்வி: மீனாட்சிபுரத்திலிருந்து தினமும் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போகிறேன் அக்கா. நாலு வயது மகனுக்கு செரிபிரல் பால்சி (மூளை முடக்குவாதம்). பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். படுக்க வைத்தே ஊட்டுகிறார், அடிக்கடி புரையேறுகிறது. தெரபியில் எனக்குச் சொல்லிக் கொடுப்பதை நான் போய்ச் சொன்னால், "அஞ்சு புள்ளை வளத்தவளுக்கு நீ சொல்லித் தர்றியா?" என்கிறார். என்ன செய்ய?
(ஒரு தாய், மீனாட்சிபுரம்)

முதலில் ஒன்று தங்கச்சி. புரையேறுவதைத் தள்ளிப் போடாதீர்கள். சாப்பிடும்போது இருமல், அடிக்கடி சளிக்காய்ச்சல், எடை ஏறாமல் இருப்பது இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மூச்சுக்குழாய்க்குள் உணவு போகிறதா என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து பிள்ளைகளுக்கு ஊட்டிய கை அது. அந்தக் கையைக் கொஞ்சம் வேறு மாதிரி பழக்க வேண்டும், அதைப் பேசிப் பழக்க முடியாது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை அவர் ஊட்டுவதை முழுசாகப் பாருங்கள். வாயே திறக்காதீர்கள். அவர் நன்றாகச் செய்வது என்ன என்று தேடுங்கள், கட்டாயம் இருக்கும். நான் போய் வந்த ஒரு வீட்டில் ஆத்தா ஒருவர் ஊட்டும்போது மெல்ல ஒரு தாலாட்டை முனகுவார். அது நின்றால் பிள்ளையின் உடம்பு விறைக்கும். அவர் முனகினால் தளரும். தெரபி டாக்டருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வேளை நீங்கள் ஊட்டுங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மடியில் என்றால் உங்கள் இடது கை அவன் தோளுக்குப் பின்னால் போய்த் தலையைத் தாங்க வேண்டும். தலை பின்னால் சாயவே கூடாது. முகவாய் ஒரு விரல்கடை நெஞ்சுப் பக்கம் இறங்கியிருந்தால் நல்லது. ஸ்பூன் மேலிருந்து வரக் கூடாது, வாய்க்கு நேராக, கொஞ்சம் கீழிருந்து வர வேண்டும். மேலிருந்து வந்தால் பிள்ளை அண்ணாந்து பார்ப்பான், அண்ணாந்தால் மூச்சுக்குழாய்ப் பக்கம் வழி திறந்துவிடும். அரை ஸ்பூன் போதும். விழுங்கினானா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்த வாய். சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெரபி டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் உடம்பும் வேறு.

இதையெல்லாம் அவரிடம் வாயால் சொல்லாதீர்கள். பாதிக் கிண்ணம் ஆனதும், "அத்தை, கை கடுக்குது, நீங்க ஊட்டுங்க, நான் தலையைப் புடிச்சுக்கறேன்" என்று ஸ்பூனைக் கொடுங்கள். தலையை நீங்கள் சரியாகப் பிடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்பூன் மேலே போனால் "இல்லை இல்லை" என்று பதறாமல் அவர் மணிக்கட்டை லேசாகத் தொட்டு இறக்கிவிடுங்கள். முடிந்ததும் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "அத்தை, இன்னிக்கு நீங்க ஊட்டுனப்ப ஒருக்காகூட இருமலை." அது உண்மையாக இருக்க வேண்டும். இருமியிருந்தால் அப்படிச் சொல்லக் கூடாது. "மூணு வாய் நல்லா இறங்குச்சு, நாலாவதுல தலை சாஞ்சிருச்சு" என்று நடந்ததைச் சொல்லலாம். ஒரு வாரம் கழித்துத் தலையையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தெரபிக்கு ஒரு தடவையாவது அவரைக் கூட்டிப்போங்கள். கடைசிப் பத்து நிமிஷம், "சார், இப்ப எங்க அத்தை பண்ணட்டும், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். தெரபிஸ்ட் 40 நிமிஷம் அருமையாகச் செய்துவிட்டுப் பிள்ளையை நம் கையில் கொடுத்து அனுப்புவார். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் அங்கே ஒரு முறையாவது செய்து பார்க்காவிட்டால் அந்த 40 நிமிஷமும் அந்த அறையோடு நின்றுவிடும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் போர்டேஜ் என்ற ஊரில் 1969-இல் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கினார்கள். வாரம் ஒரு முறை வீட்டுக்கு ஒருவர் வருவார். பிள்ளையோடு ஒரு காரியத்தைச் செய்து காட்டுவார். அப்புறம் அம்மாவைச் செய்ய வைத்துப் பார்ப்பார், வாரம் முழுவதும் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போவார். அந்த ஊர்ப் பெயரிலேயே இந்தியாவிலும் அது புழங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சி தாமதம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக 2022-இல் வெளியிட்ட பயிற்சியிலும் 9 குழு வகுப்புகளோடு 3 முறை வீட்டுக்கு வருவதையும் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில், அதே பாயில், அதே கிண்ணத்தோடு பார்த்தால்தான் எங்கே சறுக்குகிறது என்று தெரியும்.

கேள்வி: கூடலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர் நான். வகுப்பைப் பார்த்துவிட்டுக் குறையைச் சொன்னால் இளம் ஆசிரியைகளின் முகம் வாடிவிடுகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.
(ஒரு தலைமையாசிரியர், கூடலூர்)

சார், நீங்கள் எத்தனை குறை சொல்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. நான் ஆரம்பத்தில் ஏழு, எட்டு சொல்வேன். அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். ஒரு டீச்சர் எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுத்தின் சுழியைத் தவறான பக்கத்திலிருந்து தொடங்கினார். பிள்ளைகள் முன்னாலேயே அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி நான் எழுதிக் காட்டினேன். நான் சொன்னது சரிதான், ஆனால் செய்தது தப்பு. அதற்கப்புறம் நான் போகும் நாளெல்லாம் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அவரை விட்டு என்னிடம் ஓடிவந்தார்கள். அந்த டீச்சர் என்னோடு சரியாகப் பேச ஒரு வருடம் ஆனது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டும்கூட அந்த வகுப்பில் அவர் இழந்ததை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அதன்பின் இப்படி வைத்துக்கொண்டேன். வகுப்புக்கு முன்னால் டீச்சரிடமே கேட்பேன், "இன்னிக்கு நான் எதைப் பாக்கணும்?" அவர் சொன்னதை மட்டும் பார்ப்பேன். பிள்ளைகள் போனதும், அன்றைக்கே, அவரிடம் தனியாகப் பேசுவேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வேன். "வகுப்பு அடக்கமா இல்லை" என்றால் அது தீர்ப்பு. "கடைசி வரிசையில மூணு பேருக்குக் கதை அட்டை போய்ச் சேரலை, அவங்கதான் சத்தம் போட்டாங்க" என்றால் நாளைக்கே சரிசெய்யலாம். "நல்லா இருந்துச்சு" என்பதையும் விட்டுவிட்டேன். எது நன்றாக இருந்தது என்று தெரியாமல் அதை மறுநாள் எப்படித் திரும்பச் செய்வார்? ஒரு வகுப்புக்கு மாற்றிக்கொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். அதையும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், "வாங்க, என்னையே புள்ளையா வெச்சு ஒருக்கா சொல்லிப் பாருங்க" என்று அங்கேயே செய்ய வைப்பேன்.

அப்புறம் நீங்கள் ஒரு வகுப்பு எடுங்கள் சார், அவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். முடிந்ததும் "எதை மாத்திக்கலாம்?" என்று கேளுங்கள். முதல் முறை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் ஏதாவது சொன்னால் அதை மறுநாள் செய்து காட்டுங்கள். அதைப் பார்த்தபின் உங்கள் வார்த்தைக்கு முகம் வாடாது.

கேள்வி: நகரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது நல்ல ஆசிரியர்களின் வகுப்புகள் யூடியூபில் நிறைய கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்துப் படித்தால் போதாதா?
(ஒரு வாசகர், நகரி)

பார்ப்பதற்கு வலிமை உண்டு. 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் செய்த சோதனையில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேர். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதை ஒரு பகுதிப் பிள்ளைகள் பார்த்தார்கள். யாரும் சொல்லித் தராமலேயே அதே அடியை, அதே வார்த்தைகளோடு பலரும் திரும்பச் செய்தார்கள். வீடியோ வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே இரண்டு நிமிஷத்தை நாலு தடவை ஓட்டிப் பார்க்கலாம், அது நேரில் முடியாது.

ஆனால் உங்கள் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி என்ற பள்ளி. அங்கே கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் படிப்படியான அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தம் வேகத்தில் கற்கும் முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய் அந்த வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். திரும்பி வந்து 2003-இல் 13 பள்ளிகளில் அதைத் தொடங்கினார்கள். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கப் போனது அதுதான். அட்டைகளையும் கையேட்டையும் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆசிரியர்களை அனுப்பினார்கள்.

வீடியோவில் இல்லாதது இரண்டு. நீங்கள் செய்வதை அது பார்க்காது. உங்களுக்கு எங்கே தடுமாறுகிறது என்று சொல்லவும் சொல்லாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இப்போது அந்தச் சுரைக்காய் திரையில் வருகிறது, அவ்வளவுதான். அதனால் போனைத் திருப்பி வையுங்கள். உங்கள் வகுப்பிலேயே பத்து நிமிஷம் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் முகம் விழுவதால் பள்ளியிடமும் பெற்றோரிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் குழுவிலும் போடாதீர்கள். ஒரு நண்பரோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் முறை நம் குரலையும் முடியையும்தான் பார்ப்போம். இரண்டாம் முறைதான் பிள்ளைகள் தெரிவார்கள்.

கேள்வி: வண்டிப்பெரியார்ப் பக்கம் எஸ்டேட் கிரஷில் 19 வருடமாகப் பிள்ளை பார்க்கிறேன். எட்டாவதுதான் படித்திருக்கிறேன். புதிதாக ஒரு பெண்ணை உதவிக்குப் போட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு பாஸ். அவளுக்கு நீ சொல்லிக் கொடு என்கிறார்கள். நான் என்ன சொல்லிக் கொடுப்பேன் அம்மா?
(ஒரு சகோதரி, வண்டிப்பெரியார்)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண் தொழிலாளர்கள் இருக்கிற எஸ்டேட்டில் பிள்ளை பார்க்க இடம் வேண்டும் என்று சொன்னது. பார்த்துக்கொள்ளும் கையை எந்தச் சட்டமும் எழுதித் தர முடியாது. 19 வருடமாக அது உங்களிடம்தான் இருந்திருக்கிறது.

ஜமைக்கா என்று ஒரு தீவு. அதன் தலைநகர் கிங்ஸ்டனில் 1986-87-இல், வளர்ச்சி குன்றியிருந்த 129 கைக்குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கினார் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற டாக்டரம்மா. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம், சுகாதார உதவியாளர் ஒருவர் போனார். அவர்கள் டிகிரி படித்தவர்கள் இல்லை, அந்தந்தப் பகுதிப் பெண்கள். தூக்கிப் போடும் டப்பா, பாட்டில் மூடி இவற்றில் செய்த விளையாட்டுச் சாமானோடு போய் அம்மா பார்க்க விளையாடிக் காட்டினார்கள். அம்மாவை விளையாட வைத்தார்கள், நன்றாகச் செய்ததைச் சொல்லிப் பாராட்டினார்கள். சாமானை வீட்டிலேயே விட்டுவிட்டு அடுத்த வாரம் வேறு கொண்டுபோனார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது 2014-இல் வெளியானது. உங்களைப் போன்ற பெண்கள் செய்து காட்டியதால் வந்தது அது.

அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் அவள் பார்க்கட்டும். அழுகிற பிள்ளையைத் தூக்கும்போது முதலில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துவிட்டுத் தூக்குகிறீர்களே, அதைச் செய்யும்போது வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "இப்ப உக்காந்துக்கறேன், பேரைச் சொல்லிக் கூப்பிடறேன், கையை நீட்டறேன், அவனே வரட்டும்னு பாக்கறேன்." உங்களுக்குப் பழகிப்போனது அவள் கண்ணுக்குத் தெரியாது, சொன்னால்தான் தெரியும். இரண்டாம் நாள் ஒரு பிள்ளையை மட்டும் அவளிடம் கொடுங்கள். உங்களிடம் சீக்கிரம் அடங்குகிற பிள்ளையைக் கொடுங்கள், நாள் முழுக்க அழுகிறவனைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவள் தடுமாறினால் உடனே பிள்ளையை வாங்கிவிடாதீர்கள். சாயந்திரம் தாய்மார்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருவதற்கு முன்னால் டீ போடும்போது, அன்றைக்கு அவள் செய்ததில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள், நாளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள்.

அவள் பன்னிரண்டு படித்தவள், எழுதுவாள். நீங்கள் செய்வதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் அதையே பதிலாகப் போடுகிறேன்.